கறிபாப்பில் கோழி எங்கே?

கிள்ளான் குமார்:
பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், 'கறிபாப் அயாம்' என்று பலகை வைத்திருந்த கடையில் வாங்கினேன். அயாம் என்றால் கோழி; கோழிக்கறியை மாவுத் தோலில் அடைத்து மடித்துப் பொரித்த பலகாரம். பிட்டுப் பார்த்தால் முழுக்க உருளைக்கிழங்கு. கோழி என்று நக அளவில் ஒரு துண்டு. கிழங்கு மலிவு, அடைக்கிறார்கள். இதற்கு வேறு விளக்கம் யாராவது சொல்ல முடியுமா?

ஜொகூர் ரோஸ்:
நான் சொல்கிறேன் தம்பி. மலிவு என்பது உண்மைதான். ஆனால் கிழங்கே இல்லாமல் செய்து பாருங்கள். கறியிலிருந்து நீரும் கொழுப்பும் கசியும். எண்ணெயில் போட்டதும் அந்த நீர் ஆவியாகி, ஓரத்தில் கிள்ளி மடித்த கெலிம் என்ற விளிம்பைப் பிளந்துகொண்டு வரும். பொடியாக நறுக்கிய கிழங்கு அந்தச் சாற்றை இழுத்துக்கொள்ளும். மலாய் வீடுகளிலும் கிழங்கு போட்டுத்தான் செய்கிறார்கள்.

கிள்ளான் குமார்:
கொத்துக்கறி சமோசா வெடிக்கிறதா அக்கா? நீர் வற்ற வதக்கி, நன்றாக ஆறவைத்தால் போதும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் கிழங்கு.

ஜொகூர் ரோஸ்:
சமோசாத் தோல் வேறு, இது வேறு. கறிபாப் மாவில் சூடான எண்ணெயோ உருக்கிய மார்ஜரினோ ஊற்றிப் பிசைகிறோம். மொறுமொறுப்பாக வரும், ஆனால் இழுவை இருக்காது. புசிங், அதாவது சுருள் அடுக்குத் தோல் கறிபாப் என்றால் இன்னும் பாடு. தண்ணீர் மாவுக்குள் எண்ணெய் மாவை வைத்துத் தேய்த்து, சுருட்டி, வில்லையாக வெட்டி மறுபடி தேய்க்க வேண்டும். பார்க்க அழகான அந்தச் சுருள் முழுக்கப் பிரியக் காத்திருக்கும் அடுக்குதான். அதற்குள் ஈரமான கறியை வைத்தால் சட்டியில்தான் பொறுக்க வேண்டும்.

தெம்பனிஸ் தம்பி:
இந்தச் சண்டையே வேண்டாம், சார்டின் வாங்குங்கள். டின் மீன், வெங்காயம், மிளகாய். எங்கள் சிங்கப்பூரின் மலாய்க் கறிபாப்பான எப்போக்-எப்போக்கில் எனக்குப் பிடித்ததே அதுதான். சிறியது, தோலும் மெல்லியது. பெரிதாக வேண்டுமென்றால் ஓல்ட் சாங் கீ கடை இருக்கிறது, 1956இலிருந்து. கிழங்கு, கோழியோடு அவித்த முட்டைத் துண்டும் வைப்பார்கள். அங்கே கிழங்கைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை.

ஈப்போ பாலா:
டாகிங், அதாவது இறைச்சி என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மாடு. அதனால் நம்மவர்களில் பலர் கடையில் நேராகக் கேட்பதே கெந்தாங், அதாவது உருளைக்கிழங்குதான். நாமே கிழங்கு கேட்டு வளர்த்துவிட்டு, விற்கிற மாக்சிக்கை, அந்த மலாய் அம்மாவைக் குறை சொல்வது நியாயமா பாஸ்?

கிள்ளான் குமார்:
நான் கெந்தாங் கேட்கவில்லையே, அயாம்தானே கேட்டேன்! ரிங்கிட்டுக்கு மூன்று கொடுத்த காலத்தில் நானும் பிரித்துப் பார்த்ததில்லை. இப்போது ஒரு கறிபாப்பின் விலையே ஒரு ரிங்கிட். பார்க்கத்தான் செய்வேன்.

ஜொகூர் ரோஸ்:
அந்த ரிங்கிட்டில் பாதி கெலிம் போடும் கைக்கு. ஒவ்வொன்றையும் கிள்ளிக் கிள்ளி மடிக்க வேண்டும். அச்சில் அமுக்கி உறையவைத்த பாக்கெட்டை வாங்கிப் பொரித்து விற்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள் உங்கள் கேள்வியை.

கிள்ளான் குமார்:
கைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கிழங்கும் பாதி இருக்கட்டும். மீதிப் பாதி பலகையில் எழுதியது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜொகூர் ரோஸ்:
பாதியா? கோழி மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் பிளக்கும்.