பியோரியாவில் எடுபடுமா?

அமெரிக்கக் கம்பெனி மீட்டிங்குகளில் உட்கார்ந்தவர்கள் சிலராவது இதைக் கேட்டிருப்பீர்கள்: "வில் இட் ப்ளே இன் பியோரியா?" என் காதில் இது முதலில் விழுந்தது சிகாகோவில். ஒரு விளம்பர வாசகத்தைத் திரையில் காட்டி முடித்து எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்த நேரம், கடைசி நாற்காலியில் இருந்த பெரியவர் பேனாவால் மேசையைத் தட்டிவிட்டு இதைக் கேட்டார், அவ்வளவுதான், அந்த வாசகம் அன்றைக்கே குப்பைக்குப் போனது. சாதாரண ஜனங்களிடம் இது எடுபடுமா என்பதுதான் விஷயம். நம் சினிமாக்காரர்கள் "பி, சி சென்டரில் ஓடுமா" என்று கேட்பார்களே, ஏறக்குறைய அதேதான்.

இதற்கு மூலம் மேடைதான் என்கிறார்கள். வாடெவில் என்ற பல்சுவை நிகழ்ச்சிக் குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் இல்லினாய் மாநிலத்து பியோரியாவும் அவர்கள் போகும் ஊர்களில் ஒன்று. அங்கே கைதட்டு வாங்கிவிட்டால் எங்கேயும் வாங்கலாம் என்று பேச்சு. அரசியலில் இதைப் பரப்பியவர் என்று நிக்சனின் உதவியாளர் ஜான் எர்லிக்மனைச் சொல்வார்கள். அப்புறம் கம்பெனிகளும் புதுச் சரக்கை நாடு முழுக்க இறக்குவதற்கு முன்னால் அந்த ஊரில் விற்று நாடி பிடித்துப் பார்த்தன.

உங்களில் யாருக்கு இது எங்கே மாட்டியது, சொல்லுங்கள்.

---

நான் அந்த ஊரிலேயே குடியிருந்தவன், அதனால் கொஞ்சம் சூடாகவே சொல்கிறேன். புல்டோசர் மாதிரி பெரிய இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் கம்பெனியின் தலைமையகம் பல காலம் பியோரியாவில்தான் இருந்தது, 2017-ல்தான் சிகாகோ பக்கம் போகிறோம் என்று அறிவித்தார்கள். சென்னையிலும் அவர்களுக்கு இன்ஜினியரிங் ஆபீஸ் உண்டு என்பதால் நம் ஆட்களுக்கு அந்த ஊர் ஒன்றும் புதிதில்லை. அங்கே இருந்தவரை உள்ளூர்க்காரர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை, வெளியூர்க்காரர்கள்தான் வந்து இறங்கியதும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டு அம்மா, ரிட்டயர்ட் டீச்சர், ஒரு தடவை வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "எங்கள் ஊர் மார்க்கெட்டில் கிடைத்த கிர்ணிப்பழம் இல்லாவிட்டால் அவர்களுக்குப் பெனிசிலின் ஏது?"

அது நிஜம்தான். 1943-ல் அங்கே இருந்த அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில், உள்ளூர் மார்க்கெட்டிலிருந்து வந்த ஒரு கிர்ணிப்பழத்தின் பூஞ்சை, அதுவரை வைத்திருந்ததைவிடப் பல மடங்கு பெனிசிலின் கொடுத்தது. பிற்பாடு மருந்தை மொத்தமாகத் தயாரித்தது அந்த வழியில் வந்த பூஞ்சையை வைத்துத்தான். ஸ்டாண்ட்-அப் காமெடியில் பேர் போன ரிச்சர்ட் பிரையர் பிறந்ததும் அங்கேதான், 1940-ல். அந்த மனிதர் பேசியதைக் கேட்டவர்கள் அவரைச் சராசரி என்பார்களா? ஆகவே சிகாகோவிலோ நியூயார்க்கிலோ இதை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஊர்க்காரர் முன்னால் மட்டும் வேண்டாம். முகத்துக்கு நேரே எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் உங்களுக்கு ரசனை அளக்கும் தகுதியை யார் கொடுத்தது என்று பார்வையிலேயே கேட்டுவிடுவார்கள்.

---

நான் இருப்பது இன்னொரு பியோரியாவில், அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டி. இல்லினாய் பியோரியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஊர்ப்பாசத்தில் அந்தப் பேரையே வைத்துவிட்டார்கள். இப்போது பிள்ளை தாயைவிட வளர்ந்தாயிற்று: 2020 கணக்கெடுப்பில் இங்கே சுமார் 1 லட்சத்து 91 ஆயிரம் பேர், அங்கே 1 லட்சத்து 13 ஆயிரம். கூரியரில் மாநிலத்தின் பெயரைச் சரியாக எழுதாவிட்டால் பார்சல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. என் மாமியார் அனுப்பிய வத்தக்குழம்புப் பொடி இல்லினாய் வரை போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது.

சொலவடை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸில் ஒரு சீனியர், புது ஆப் ஒன்றைப் பார்த்துவிட்டு இதே கேள்வியைக் கேட்டார். இளசுகள் யாருக்கும் விளங்கவில்லை. சியாட்டில் மாரினர்ஸும் சான் டியாகோ பாட்ரெஸும் சீசனுக்கு முந்தைய பேஸ்பால் பயிற்சிக்கு வருஷா வருஷம் வருவது எங்கள் பியோரியாவுக்குத்தான். ஒரு பையன் போனை எடுத்துத் தேடிவிட்டு ரொம்ப சீரியஸாகப் பதில் சொன்னான்: "பிப்ரவரி கடைசியில் ஆடுவாங்க சார், டிக்கெட் இருக்கு."