கொலோன் பழைய நகரில் ஒரே ஒரு ரோமனெஸ்க் ஆலயம் என்றால் எது?

கோட்டாற்று வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் படிக்கும் மகளைப் பார்க்க அம்மாவை அழைத்துக்கொண்டு செல்கிறோம். கொலோனில் ஒரு பகல் தங்குவோம். பேராலயத்தை எப்படியும் பார்த்துவிடுவோம். ஆனால் அது கோதிக். கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா ஆலயத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கூரிய வளைவுகள் புதியவை அல்ல. அதற்கு முந்தைய, அரைவட்ட வளைவுகள் கொண்ட ரோமனெஸ்க் பாணியில் பன்னிரண்டு ஆலயங்கள் அங்கே இருக்கின்றன என்கிறார்கள். அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. செருப்பைக் கழற்ற வேண்டுமா, முக்காடு வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

தக்கலை அன்பர்:
அண்ணாச்சி, தயங்காமல் புனித மரியா ஆலயத்துக்குச் செல்லுங்கள். ‘மரியா இம் காபிடோல்’ என்று கேட்டால் வழி சொல்வார்கள். ரோமானியர் காலக் கோயில் ஒன்றின் அடித்தளத்தின் மேல் எழுந்த இந்த ஆலயம் 1065-இல் அர்ச்சிக்கப்பட்டது. பேராலயத்தின் கட்டுமானம் தொடங்கியதோ 1248-இல்தான். உள்ளே சென்றதும் மேலே அண்ணாந்து பார்க்காமல் பீடத்தை நோக்கி நடங்கள். கிழக்கு, வடக்கு, தெற்கு என மூன்று பக்கமும் ஒரே அளவில் அரைவட்டமாக விரிந்து, ஒவ்வொன்றின் உட்புறத்திலும் தூண்வரிசைக்குப் பின்னால் ஒரு சுற்றுப்பாதை ஓடுவதைக் காண்பீர்கள். பெத்லகேம் பிறப்பு ஆலயத்தின் அமைப்பே இதற்கு முன்மாதிரி என்பது அறிஞர்கள் கருத்து. தூண்களின் தலைப்பகுதியில் இலையோ பூவோ இல்லை. கனசதுரக் கல்லின் கீழ்மூலைகளை மட்டும் உருட்டிச் செதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சிக்கனம்தான் பிடித்தது.

தென்பக்க நடையின் மேற்குக் கோடியில் உள்ள மரக்கதவைத் தவறவிடாதீர்கள். ஏறத்தாழ 5 மீட்டர் உயரம்; கிறிஸ்துவின் வாழ்க்கையைச் சொல்லும் 26 புடைப்புச் சிற்பங்கள். ஆலயம் அர்ச்சிக்கப்பட்ட காலத்தை ஒட்டியது என்பதால், ஆயிரம் ஆண்டை நெருங்கும் மரம் அது. அருகில் நின்று பார்த்தால் பழைய வண்ணத்தின் மிச்சம் இன்னும் தெரியும். மாதா சிலை ஒன்றின் முன்னால் ஆப்பிள் பழங்கள் இருந்தால் வியக்க வேண்டாம்: சிறுவனாக இருந்த புனித ஹெர்மன் யோசேப்பு குழந்தை இயேசுவுக்கு ஆப்பிள் நீட்டினார் என்ற மரபுக்கதையை ஒட்டி, மக்கள் இன்றும் வைக்கிறார்கள்.

மார்த்தாண்டம் வாசகர்:
அழகில் குறையில்லை. ஆனால் அதைப் பதினோராம் நூற்றாண்டுக் கட்டடம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் அந்த ஆலயம் சிதைந்தது. கிழக்கு அரைவட்டம் போர் முடிந்த பிறகு, 1948-இல், தானாகவே இடிந்து விழுந்தது. புனரமைப்பு முடிந்தது 1984-இல். ரைன் ஆற்றங்கரையில் நான்கு சிறு கோபுரங்கள் சூழ நிற்கும் பெரிய மார்ட்டின் ஆலயத்தின் கதையும் அதுவே. அங்கே பணி முடிய 1985 ஆயிற்று. பழமையைத் தேடிச் செல்பவர் இதை அறிந்துகொண்டே செல்வது நல்லது.

தக்கலை அன்பர்:
நீங்கள் சொன்ன ஆண்டுகளை மறுக்கவில்லை. ஆயினும் தரைத்திட்டமும் நிலவறையும் பழையவை. விழுந்த பகுதியை எழுப்பியவர்களும் பழைய வடிவத்தையே பின்பற்றினார்கள். குடமுழுக்குக்குக் குடமுழுக்கு திருப்பணி நடந்த நம்மூர்க் கோயிலை எந்த நூற்றாண்டுக் கோயில் என்று சொல்கிறோமோ, அந்தக் கணக்கு இதற்கும் பொருந்தும் என்பதே என் கருத்து. அளவில், ஜெர்மனியில் ஸ்பெயர் பேராலய நிலவறைக்கு அடுத்ததாக இந்த ஆலயத்தின் நிலவறையைச் சொல்வார்கள். படியிறங்க வேண்டும் என்பதால் அம்மாவை மேலேயே உட்கார வைத்துவிட்டுப் போய் வாருங்கள்.

குளச்சல் சகோதரி:
செருப்பைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் கல்தரையில் கால் விறைத்துவிடும். முக்காடு அவரவர் விருப்பம். ஆண்கள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்க்க அனுமதி இல்லை. அம்மா திருப்பலி காண விரும்பினால் முன்கூட்டியே நேரம் பார்த்துச் சென்று பின்வரிசையில் அமரலாம், மொழி தெரியாவிட்டாலும் எந்தப் பகுதி நடக்கிறது என்பது புரிந்துவிடும். நடக்கச் சிரமமென்றால் டிராமில் ஹோய்மார்க்ட் நிறுத்தத்தில் இறங்குங்கள். ஆலயம் அங்கிருந்து பக்கம்.

கோட்டாற்று வாசகர்:
மிக்க நன்றி. காலையில் டிராமில் மரியா ஆலயத்துக்குச் சென்றுவிட்டு, அங்கிருந்து மார்ட்டின் ஆலயம் வழியாகப் பேராலயத்துக்குத் திரும்புவதாக முடிவு செய்திருக்கிறோம். பழைய நகரின் அந்தக் கற்பாவிய தெருக்களில் சக்கர நாற்காலியைத் தள்ள முடியுமா என்பதை யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.