பின்சக்கரத்தில் கார் டயர் போட்டிருக்கிறேன், திட்டுபவர்கள் வரிசையில் வரவும்

ஹூஸ்டன் செந்தில்:
என்னிடம் இருப்பது 2008 மாடல் ஹோண்டா கோல்ட்விங். 1832 சிசி, ஆறு சிலிண்டர், எடை நானூறு கிலோவைத் தொடும். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. கம்பெனி சொல்லும் பின் டயர் 180/60 ஆர் 16, அதாவது 180 மி.மீ. அகலம், பக்க உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 16 இன்ச். போன வருடம் அதைக் கழற்றிவிட்டு 195/55 ஆர் 16 கார் டயர் ஒன்றை மாட்டினேன். ரன்ஃப்ளாட் வகை, காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் தாங்கும். இங்கே கோல்ட்விங் ஓட்டுபவர்கள் இதற்கு ‘டார்க் சைடு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். போட்டவன் இன்னொருவனைப் பார்த்தால் ரகசியச் சங்கத்து ஆள் மாதிரி சிரித்துக்கொள்வான்.

ஏன் போட்டேன்? பைக் டயர் எனக்குப் பத்தாயிரம் மைலுக்கு மேல் வந்ததே இல்லை. கார் டயர் 14,000 மைல் ஓடிவிட்டது, பட்டன் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. விலையும் குறைவு. கோயம்புத்தூரிலிருந்து என் மச்சான் வாரம் தவறாமல் போன் போட்டுத் திட்டுகிறான். நீங்களும் திட்டலாம், ஆனால் காரணத்தோடு திட்டுங்கள்.

வளைவுப்பிரியன்:
காரணம்தானே? பைக் டயரைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், தேங்காய் மூடி மாதிரி உருண்டிருக்கும். கார் டயர் செங்கல் மாதிரி தட்டை. பைக் சாய்ந்துதான் திரும்பும். சாய்ந்தாலும் தரையில் படும் பரப்பு குறையாமல் இருக்கத்தான் அந்த உருண்டை. கார் சாயாது, அதனால் அதற்கு உருண்டை தேவையில்லை. நீங்கள் வளைவில் சாய்க்கும்போது அந்தத் தட்டை டயர் ஓரத்தில் ஏறி நிற்கிறது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே இந்தச் செங்கல்லோடு ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு வந்து எழுதுங்கள், அண்ணா.

ஹூஸ்டன் செந்தில்:
கொல்லிமலைக்கு கோல்ட்விங் கொண்டுவர டிக்கெட் நீங்கள் போடுவீர்களா?

என் ரோடு எப்படி என்று சொல்கிறேன். ஹூஸ்டனிலிருந்து சான் அன்டோனியோ ஐ-10 நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட 200 மைல், அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. அந்த ரோட்டில் உங்கள் உருண்டை டயர் என்ன ஆகும் தெரியுமா? ஆறாயிரம் மைலிலேயே நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிவிடும். ஓரம் புதுசு, நடு மொட்டை. அப்போது சாய்த்தால் அந்த விளிம்பு தாண்டும்போது வண்டி ‘தொபுக்’கென்று விழுகிற மாதிரி இருக்கும். அதை யாரும் திட்டுவதில்லை.

எடைக்கும் வருகிறேன். பைக் டயரின் லோடு எண் 74, அதாவது 375 கிலோ வரை தாங்கும். என் கார் டயரின் லோடு எண் 87, அதாவது 545 கிலோ. இரண்டு பேரும் மூன்று பெட்டியும் ஏற்றிப் போகிற வண்டிக்கு எது பாதுகாப்பு?

கோவை டயர்க்கடை:
22 வருடமாக டயர் மாட்டிக் கழற்றுகிறவன் பேசுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் தரையில் படும் பக்கத்தையே பார்க்கிறீர்கள். எனக்குப் பயம் ரிம்மில் உட்காரும் பக்கம்.

பைக் அலாய் வீலில் அளவோடு ‘எம்டி’ என்று பொறித்திருக்கும். கார் வீலில் ‘ஜே’ என்று இருக்கும். இரண்டும் வேறு வேறு அச்சு. டயர் ஓரத்தில் கம்பி வளையம் வைத்த பீடு போய் உட்காரும் திண்டு, அதற்குப் பக்கத்தில் இருக்கும் மேடு, எல்லாம் தனித்தனி அளவு. இன்ச் ஒன்றாக இருப்பதால் பொருந்தும் என்று அர்த்தமில்லை. செருப்பு எட்டு, ஷூ எட்டு என்பது போல.

நாலைந்து வருடம் முன்பு ஒருவர் பெரிய இம்போர்ட்டட் ஸ்கூட்டரோடு வந்தார். 14 இன்ச் வீல், கையில் ஒரு கார் டயர். மாட்டச் சொன்னார். சோப்புத் தண்ணி தடவி, காற்று ஏற்றினேன். ஒரு பக்கம் ‘டப்’ என்று உட்கார்ந்தது. இன்னொரு பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளேயே நிற்கிறது. 30, 35, 40 பிஎஸ்ஐ. அசையவில்லை. 40க்கு மேல் ஏற்றி பீடு உட்கார வைக்காதே என்று பல கார் டயரில் பக்கச் சுவரான சைடுவாலிலேயே அச்சடித்திருக்கும். காரணம், கம்பி அறுந்தால் டயர் குண்டு மாதிரி வெடிக்கும், முகத்துக்கு நேரே. “இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணா, உக்காந்துரும்” என்கிறார் அவர். காற்றை இறக்கி, டயரைக் கழற்றி, கையில் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். லேபர் கூட வாங்கவில்லை.

செந்தில் சார், உங்களுக்கு யார் மாட்டினார்கள்? எத்தனை பிஎஸ்ஐயில் உட்கார்ந்தது?

ஹூஸ்டன் செந்தில்:
உண்மையைச் சொல்கிறேன். இரண்டு கடையில் கேட்டேன், இரண்டு பேரும் மாட்ட மறுத்துவிட்டார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் வழக்கு அவர்கள் தலையில் விழும் என்ற பயம். என் கராஜிலேயே நண்பர் ஒருவரை வைத்து மாட்டினேன். டயரை வெயிலில் போட்டுச் சூடாக்கி, சோப்புத் தண்ணி தாராளமாக விட்டு, நீளமான ஹோஸ் போட்டுத் தள்ளி நின்றுதான் காற்று ஏற்றினோம். முதல் பக்கம் 38இல். இரண்டாவது பக்கம் 50 தாண்டியது. சத்தம் கேட்டதும் என் நண்பர் தரையில் படுத்துவிட்டார்.

இப்போது எழுதும்போது அது அவ்வளவு புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உட்கார்ந்த பிறகு 14,000 மைலில் ஒரு பிஎஸ்ஐ கூட இறங்கவில்லை.

கோவை டயர்க்கடை:
தள்ளி நின்றீர்களே, அந்த வரைக்கும் சந்தோஷம். காற்று இறங்காதது பீடு சரி என்பதற்குச் சாட்சி இல்லை சார். இறுக்கமாக உட்கார்ந்தாலும் இறங்காது. உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் வெளியே தெரியாது.

பிசிக்ஸ் வாத்தியார்:
எனக்குப் பைக் கிடையாது, மகனுக்கு இருக்கிறது, அதனால் இந்த இழை முழுவதையும் படித்தேன்.

தரையில் படும் பரப்பு என்பது தோராயமாக, சக்கரத்தின் மேல் இருக்கும் எடையை உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவது. செந்தில் தனியாக ஓட்டும்போது பின்சக்கரத்தில் 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பைக் டயருக்கு கம்பெனி சொல்லும் 41 பிஎஸ்ஐயில் பரப்பு சுமார் 87 சதுர செ.மீ. கார் டயரில் 32 வைத்தால் சுமார் 111. சைடுவாலே கொஞ்சம் எடையைத் தாங்கும், ரன்ஃப்ளாட்டில் இன்னும் அதிகமாகத் தாங்கும், அதனால் துல்லியம் கேட்காதீர்கள். ஆக, கார் டயர் அகலம் என்பதால் பிடிப்பு கூடிவிடவில்லை. காற்றைக் குறைத்ததால்தான் பரப்பு கூடியது.

லோடு எண் விஷயத்தில் செந்திலுக்கு ஒரு குட்டு. 545 கிலோ என்பது 36 பிஎஸ்ஐயில், டயர் கிட்டத்தட்ட நிமிர்ந்து ஓடும் என்ற கணக்கில். 32இல் அது குறையும். வளைவில் டயர் 30 டிகிரி சாயும்போது மொத்த எடையும் ஒரு தோளில் இறங்குகிறது. அந்த நிலைக்கு அந்த எண்ணை யாரும் எழுதவில்லை.

வளைவுப்பிரியனுக்கும் ஒன்று. டயர் செங்கல் அல்ல, அது ரப்பர். சாயும்போது சைடுவால் மடங்கிக் கொடுக்கும், டயரின் அடிப்பகுதி ஓரளவு தரையிலேயே கிடக்கும். அதனால்தான் இவர்கள் எல்லாரும் முதல் வளைவிலேயே விழாமல் இருக்கிறார்கள். விலை வேறு இடத்தில்: உருண்டை டயர் சாய்ந்தாலே தானாகத் திரும்பப் பார்க்கும். தட்டை டயர் நிமிரப் பார்க்கும்.

வளைவுப்பிரியன்:
இதைத்தான் கேட்க வந்தேன். நிமிரப் பார்க்கிறது என்றால் வளைவு முழுக்க ஹேண்டில்பாரைத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும். சரி, பெரிய ரோட்டில் அது பழகிவிடும். முன்னே போகிற லாரியிலிருந்து ஒரு ஏணி விழுகிறது, ஒரு நொடியில் இடது, உடனே வலது. அப்போது? நேர்மையாகச் சொல்லுங்கள் அண்ணா. முன்சக்கரத்தில் ஏன் நீங்கள் யாரும் கார் டயர் போடுவதில்லை?

ஹூஸ்டன் செந்தில்:
முன்னால் போட மாட்டோம். அவ்வளவு பைத்தியம் இல்லை. சிலர் முன்னால் பின்சக்கரத்து பைக் டயரையே சுழலும் திசையைத் திருப்பி மாட்டுவார்கள், அது தனிக் கூட்டம்.

நேர்மையாகவே சொல்கிறேன். முதல் நாள் ஃப்ரீவேயிலிருந்து இறங்கும் வட்ட ராம்ப்பில் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. வழக்கமாக இடுப்பைக் கொஞ்சம் அசைத்தாலே வளைகிற வண்டி, அன்று வெளிச்சுவரைப் பார்த்தே போனது. உள்பக்க ஹேண்டிலை அழுத்திப் பிடித்துத்தான் கொண்டுவந்தேன், இறங்கியதும் உள்ளங்கை வியர்த்திருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பழகாதது ஒன்று உண்டு. ரோடு வேலை நடக்கும் இடத்தில் நீளவாக்கில் பள்ளமும் விளிம்பும் இருக்கும். பின்சக்கரம் அந்த விளிம்பில் ஒட்டிக்கொண்டு, யாரோ பின்னாலிருந்து சீட்டைப் பிடித்து ஆட்டுவது போல இருக்கும். பின்னால் உட்கார்ந்த என் மனைவி, “என்ன, தூங்கிட்டீங்களா?” என்று கேட்டார்.

ஏணி கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மழையில் நேராக பிரேக் பிடித்தால் நிற்பது எனக்கு நன்றாகவே இருந்திருக்கிறது.

சைடுகார் சிவா:
எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். சைடுகார், அதாவது பக்கத்தில் தனிச் சக்கரத்தோடு ஆள் உட்காரும் பெட்டி, வைத்த வண்டிக்கு கார் டயர்தான் சரி. என் வண்டி சாயாது, ஹேண்டிலைத் திருப்பித்தான் வளைக்கிறேன். உருண்டை டயர் போட்டால் நடு மட்டும் வெண்ணெய் மாதிரி கரையும். ஐரோப்பாவில் சைடுகார் கட்டுபவர்கள் கார் ரிம்மையே சேர்த்து மாட்டிக் கொடுக்கிறார்கள். கோல்ட்விங்கை மூன்று சக்கரமாக மாற்றினாலும் பின்னால் வருவது கார் டயர்தான்.

கோவை டயர்க்கடை:
சிவா சொல்வதற்கு மறுபேச்சு இல்லை. அவர் ரிம்மும் காருடையது, ஓட்டமும் காருடையது.

புல்லட் ராஜா 350:
அண்ணன்களே, நான் காலேஜ் பையன். என் கிளாசிக் 350க்குப் பின்னால் அகலமாக கார் டயர் போட்டால் லுக் செமையாக இருக்கும் என்று ஒரு மாடிஃபிகேஷன் கடையில் சொல்கிறார்கள். ரிம், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் எல்லாம் மாற்றி முப்பதாயிரம். போடலாமா? வீட்டில் ஆக்டிவாவும் இருக்கிறது, அதற்கும் சேர்த்துக் கேட்கச் சொன்னார் அப்பா, டயர் அடிக்கடி தேய்கிறதாம்.

கோவை டயர்க்கடை:
தம்பி, முதலில் அப்பாவுக்கு. ஆக்டிவாவின் பின்சக்கரம் 90/100-10. நம் ஊரில் பத்து இன்ச் கார் டயர் எங்கே கிடைக்கும்? மாருதி 800க்கே 12 இன்ச். அப்பா காற்று பார்க்கிறாரா என்று கேள். பெட்ரோல் போடும்போதெல்லாம் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பழைய கதை ஒன்று உண்டு. எட்டு இன்ச் வீல் பஜாஜ் சூப்பருக்கு 3.50-8 டயர். ஆட்டோவுக்கு 4.00-8. கேஸ் சிலிண்டர், பால் கேன் ஏற்றுகிறவர்கள் ஆட்டோ டயரையே ஸ்கூட்டரில் மாட்டுவார்கள். நானும் மாட்டியிருக்கிறேன், பொய் சொல்லமாட்டேன். அந்த ரிம் இரண்டு பாதியாகப் போல்ட் போட்டுப் பூட்டுகிற ரிம், உள்ளே ட்யூப், வேகம் நாற்பது. டயர் தேயவே தேயாது. ஆனால் ஈர ரோட்டில் சாணி மேல் போகிற மாதிரி வழுக்கும், ரப்பர் அவ்வளவு கெட்டி. அந்தக் காலத்து நாற்பது வேகத்துக்கு அது போதும். உன் கிளாசிக் நாற்பதிலா போகிறது?

வளைவுப்பிரியன்:
ராஜா, செந்தில் அண்ணன் கதையை உன் கதையோடு சேர்க்காதே. அவருடைய ரிம் ஏற்கெனவே அகலம், 16 இன்ச்சில் கார் டயர் கடை முழுக்கக் கிடைக்கும். உனக்கு 18 இன்ச் ஒல்லி ரிம். டயரை மட்டும் மாற்ற வழியே இல்லை, வண்டியின் ஃப்ரேமையே அறுத்து ஒட்டுவார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் வரும். இன்ஷூரன்ஸ்காரனுக்கு கிளெய்மைத் தள்ளிவிட அதைவிட நல்ல காரணம் வேண்டாம். அந்த முப்பதாயிரத்தில் மதுரைக்காரன் தயாரிக்கிற நல்ல பைக் டயரே ஆறு ஜோடி வாங்கலாம்.

புல்லட் ராஜா 350:
லுக்?

வளைவுப்பிரியன்:
கழுவி வை. லுக் வரும்.

ஹூஸ்டன் செந்தில்:
இரண்டு நாளாக டயர்க்கடை அண்ணன் சொன்ன கம்பிதான் தலைக்குள் சுற்றுகிறது. 50 தாண்டினேன் என்று எழுதிவிட்டேன், கேஜ் உண்மையில் 58 காட்டியது. மற்றதில் என் கருத்து மாறவில்லை. நேர் ரோட்டுக்கு, கனமான வண்டிக்கு, பின்னால் மட்டும் போட்டால் இது ஓடுகிறது, நான் ஓட்டியிருக்கிறேன். வளைவுப்பிரியன் ஊரில் இதைப் போடச் சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை வீலைக் கழற்றுகிறேன். டயரை எடுத்து உள்பக்கம் பீடு முழுவதும் படம் பிடித்துப் போடுகிறேன். அண்ணா, எந்த இடத்தை முக்கியமாகப் பார்க்க வேண்டும்?

கோவை டயர்க்கடை:
இரண்டாவதாக உட்கார்ந்த பக்கம். விரல் வைத்து வட்டமாக ஒரு சுற்று தடவுங்கள். எங்காவது நெளிந்திருந்தாலோ, ரப்பர் கிழிந்து கம்பி பளபளத்தாலோ படம்கூட வேண்டாம், அப்படியே குப்பையில் போடுங்கள். சுத்தமாக இருந்தாலும் அதே டயரைத் திரும்ப மாட்டாதீர்கள். ஒரு தடவை 58 பார்த்த கம்பி அது.

ஹூஸ்டன் செந்தில்:
சரி அண்ணா. மச்சானிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பிசிக்ஸ் வாத்தியார்:
மச்சானுக்கு இன்னும் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? என் மகன் போன வாரம் இந்த இழையை மூன்று குரூப்பில் போட்டுவிட்டான்.