மலையகத்து மரபிடங்கள்: நீங்கள் கண்டது என்ன?

மூடுபனி:
பட்டிப்பொல வாசலில் தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்தெடுத்துவிட்டுத்தான் ஹோட்டன் சமவெளிக்குள் விடுகிறார்கள். அப்படியும் பழைய ஃபார் இன் விடுதி அருகே ஒரு குடும்பம் எப்படியோ மறைத்துக் கொண்டுவந்த பிஸ்கட் பைக்கற்றை மரைமானுக்கு நீட்டியது. கிளைக்கொம்புள்ள பெரிய கடா. உறையோடு வாங்கிக்கொண்டது. மினுமினுக்கும் தாள் கடைவாயில் தொங்க, அசைபோட்டபடி குழந்தையையே பார்த்து நின்றது. தகப்பன் படம் எடுத்தார். சத்தம் போட்டேன். "உங்கள் வீட்டு மாடா?" என்றார். பொலித்தீன் வயிற்றில் சிக்கி அங்கே மரைகள் செத்திருக்கின்றன. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கொழுந்துக்கூடை:
தம்பி, மரைக்காவது வாசலில் காவல் இருக்கிறது. 2010இல் யுனெஸ்கோ மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக்கியது: ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடு. எல்லாம் இயற்கைக்காக. நல்லது. எங்கள் தோட்டத்தில் மன்மதன் எரிந்த கதையைக் காமன் கூத்தாக ஆடும் பொட்டலை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? போன மாசியில் கூத்தன்று போனால் பொட்டலைச் சுற்றி முள்ளுக்கம்பி. உல்லாசப் பயணிகளின் வண்டி நிறுத்தவாம். காமனுக்கு ஊன்றும் கம்பம் உள்ளே, நாங்கள் வெளியே. ரதி வேடம் கட்டிய பையன் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கம்பிக்குள் நுழைந்தான், முந்தானை மாட்டிக்கொண்டது. தப்படித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கிழித்துக்கொண்டுதான் போனான்.

பண்டாரவளை வாத்தியார்:
நான் கண்டது தெமோதரையில். 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தில் ஒருவன் காதலி பெயரை ஆணியால் செதுக்கிக்கொண்டிருந்தான். ரயில் வந்ததும் ஆணியைப் போட்டுவிட்டு ஓடினான். அவ்வளவுதான்.
கூடைக்கு ஒரு சேதி. 1940இல் வந்த தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களையே பழம்பொருளாகக் கொள்கிறது. கண்டி வெள்ளையரிடம் போன நாள் அது. நம்மவர்கள் கோப்பித் தோட்டத்துக்கு வந்ததே அதன் பிறகுதானே? ஆகவே தொழிலாளர் வரிசை வீடுகளான நம் லயங்களும் தோட்டத்துக் கோயில்களும் மொத்தமாகக் கோட்டுக்கு வெளியே! பிந்தியவற்றையும் வர்த்தமானியில் அறிவித்துக் காக்கலாம். ஆனால் யாராவது கேட்க வேண்டும். பொட்டலைப் படம் எடுங்கள். எத்தனை தலைமுறையாகக் கூத்து நடக்கிறது என்று பெரியவர்களிடம் எழுதி வாங்குங்கள். பிரதேச சபைக்கு மனுப் போடுங்கள். கூத்து மாஸ்டரின் பாட்டை, அவர் இருக்கும்போதே, கைபேசியில் பதியுங்கள். கம்பளைப் பக்கம் பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், இளைஞர்களை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

மூடுபனி:
வாத்தியார் ஐயா, மரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! காடா, கூத்தா என்று இது, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று லாவணிப் பாட்டில் மோதும் எரிந்த கட்சி, எரியாத கட்சி போல ஆகிவிட்டது.

கொழுந்துக்கூடை:
ஐயா, மனுப் போட்டோம். காணி உறுதி எங்கே என்று கேட்டார்கள். லயத்தில் இருப்பவனுக்கு உறுதி ஏது? வரும் மாசிக்கு மாஸ்டர் பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டிருக்கிறார். கம்பம் ஊன்றும் இடத்தை மாற்றக்கூடாது என்று பெரியவர்கள் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள்.