புதுப்பிப்பு: செஞ்சிக் கோட்டையில் இரண்டு மலையும் ஒரே நாளில்

கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகள் இரண்டையும் ஒரே நாளில் ஏற முடியுமா என்று முந்தைய இழையில் கேட்டிருந்தீர்கள். முடியும். காலையிலேயே ராஜகிரியைத் தொடங்கிவிடுங்கள். சுமார் 240 மீட்டர் உயரம், பிற்பகலில் மேலே விடமாட்டார்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். தின்பண்டத்தைக் கையில் பிடித்தபடி ஏறினால் குரங்கு பறித்துவிடும், முதுகுப்பைக்குள் வையுங்கள்.

உச்சிக்குச் சற்று முன் பாறைப் பிளவின் மேல் ஒரு சிறு பாலம். அங்கே அவசியம் நின்று கீழே பாருங்கள். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியே இல்லை. 1690இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை இழுத்ததில் இந்த அமைப்புக்கும் பங்குண்டு. கல்யாண மகால், களஞ்சியம் அடிவாரத்தில்தான், இறங்கிவந்து பார்க்கலாம். கிருஷ்ணகிரி மலை இருப்பது சாலைக்கு வடக்கே. உயரம் குறைவு, வெயில் தாழ்ந்ததும் ஏறுங்கள்.