கூடுதல் வாரண்டி பைக்கின் ஆடியோவையும் காக்குமா?

நெடுவழி:
என் டூரிங் பைக்கின் வாரண்டி அடுத்த மாதம் முடிகிறது. நான்கு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், தொடுதிரை எல்லாமே வண்டியோடு வந்தவை. போன மழையில் நனைந்ததிலிருந்து இடது ஸ்பீக்கர் விட்டுவிட்டுக் கரகரக்கிறது. எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. விடியற்காலையில் தனியாக ஓட்டும்போது பாட்டுத்தான் எனக்குத் துணை. ஆடியோவுக்காக மட்டும் கூடுதல் வாரண்டி எடுக்கலாமா? 50 வாட் ஆம்ப்ளிஃபயரை 100 வாட்டாக மாற்றும் எண்ணமும் இருக்கிறது.

பற்றாசு:
வாரண்டி முடிவதற்குள் கரகரப்பைப் புகாராகப் பதிந்து, வேலைச்சீட்டின் நகலைக் கையில் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு "இது பழைய பழுது" என்று கையை விரிப்பார்கள்.

பல வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். மழைக்குப் பின் வரும் வண்டிகளில் ஸ்பீக்கரை விடக் கனெக்டர்தான் அதிகம் கெட்டிருக்கும். இடது, வலது ஸ்பீக்கர்களின் வயரை மாற்றிச் செருகிப் பாருங்கள். கரகரப்பு வலப்பக்கம் போனால் ஸ்பீக்கர் நல்லது. கோளாறு வயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ இருக்கிறது.

100 வாட் வேண்டாம். வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலே 90 டெசிபலைத் தாண்டிவிடும். அதற்கு மேலும் ஒலியை ஏற்றினால் கெடுவது உங்கள் காது. காற்றுத் தடுப்புக் கண்ணாடியின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். வெளி ஆம்ப்ளிஃபயர் மாட்டினால் வாரண்டிக்காரர்களுக்கு மறுக்க ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

மழைக்கோட்டு:
என் கதையையும் கேளுங்கள். நான்காம் வருடம் தொடுதிரை கறுத்துப்போனது. கூடுதல் வாரண்டி இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். ஒப்பந்தத்தில் எஞ்சின், கியர், பிரேக் என்று பட்டியல் இருந்தது, திரை இல்லை. முழுச் செலவும் என் தலையில் விழுந்தது. ஒப்பந்தம் இரண்டு வகை: காக்கப்படும் பாகங்களை மட்டும் பட்டியலிடுவது ஒன்று, விலக்கப்பட்டவற்றை மட்டும் சொல்லி மற்றதையெல்லாம் காப்பது இன்னொன்று. இரண்டாவது வகையாக இருந்து, விலக்குப் பட்டியலில் ஆடியோ இல்லாவிட்டால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் நீங்கள் கட்டவேண்டிய பங்குத்தொகை எவ்வளவு என்றும் கேளுங்கள். ஸ்பீக்கருக்காக எடுப்பது வீண். அதைத் தனியாக வாங்கி மாட்டிவிடலாம். பெரிய செலவு வைப்பது திரைதான்.

நெடுவழி:
இருவருக்கும் நன்றி. வயரை மாற்றிச் செருகினேன். கரகரப்பு வலப்பக்கம் போய்விட்டது! இடது வயரின் கனெக்டரைக் கழற்றினால் ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. அப்படியே படம் எடுத்துவைத்திருக்கிறேன், துடைக்கவில்லை. நாளை அதைக் காட்டி வேலைச்சீட்டு வாங்கப் போகிறேன். ஒப்பந்தத்தின் முழுப் படியையும் கேட்டிருக்கிறேன். அது வரும்வரை பணம் கட்டப்போவதில்லை.