உறையூர் வீடு (குடும்பக் குழு)

15 ஜனவரி 2026, வியாழன்

[காலை 11:32] கதிர்: மாமா, பொங்கல் வாழ்த்துகள். ராத்திரி அம்மாச்சிக்கு வியாழனைக் காட்டலாம் என்று டெலஸ்கோப்பை மாடிக்கு ஏற்றிவிட்டேன். லேப்டாப்பில் வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியத்தில் துருவ நட்சத்திரம் 44 டிகிரி உயரத்தில் இருந்தது. டெலஸ்கோப்பைத் தாங்கிச் சுழற்றும் மவுண்டின் அச்சையும் 44-இல் வைத்துவிட்டேன். சரிதானே?

[காலை 11:36] செந்தில் மாமா: உறையூரில் அது எப்போது அவ்வளவு மேலே ஏறியது? திரைக்குக் கீழே என்ன ஊர் போட்டிருக்கிறது, பார்.

[காலை 11:38] கதிர்: ஐயோ, டொரண்டோ. போன வாரம் சித்தி வீட்டு வானத்தைப் பார்க்க மாற்றினேன் 🤦

[காலை 11:41] செந்தில் மாமா: ஊரின் அட்சரேகை எவ்வளவோ, வானம் சுற்றுகிற துருவமும் அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். அச்சு அதை நோக்கி இருந்தால்தான் மோட்டார் வியாழனோடு சேர்ந்து குழலைத் திருப்பும். எஃப்6 அழுத்தித் திருச்சியைத் தேர்ந்தெடு. 10.8 வரும். அப்படியே சூரியன் எத்தனை மணிக்கு நேர் தெற்கே வருகிறது என்றும் பார்.

[காலை 11:45] கதிர்: 12:24. எதற்கு? போனில் திசைகாட்டி இருக்கிறதே.

[காலை 11:47] செந்தில் மாமா: முக்காலி இரும்பு, மாடித் தளத்துக்குள் கம்பி. போன் என்ன சொல்லும் என்று நம்ப முடியாது. கொடிக்கயிற்றில் தூக்குக்குண்டு கட்டு. சரியாக 12:24-க்கு நூலின் நிழல் விழுகிற கோடுதான் வடக்கு. தையில் செய்கிறாய், நல்ல நீளமாக விழும். சித்திரை முதல் வாரம் என்றால் சூரியன் உச்சந்தலையில், நிழலே கிடைக்காது.

[பகல் 12:19] அம்மா: கோலப்பொடி டப்பாவை யார் எடுத்தது?

[பகல் 12:26] கதிர்: 📷 படம்
கோடு போட்டாச்சு மாமா. பொங்கல் வைத்த செங்கல் மேலேயே ஏறிப் போகிறது. ஆனால் அச்சை 11-க்கு இறக்கினால், குழலைச் சமன் செய்கிற எடைக்கல் முக்காலியின் காலில் இடிக்கிறது.

[பகல் 12:31] செந்தில் மாமா: நம் பக்கத்தில் எல்லாருக்கும் உள்ள தொல்லைதான் அது. வடக்குக் கோடு இரண்டு காலுக்கு நடுவே வருகிற மாதிரி முக்காலியைத் திருப்பி வை. அப்புறம் மவுண்டின் தலையை மட்டும் கோட்டுக்கு நேரே கொண்டுவா.

[மாலை 7:34] கதிர்: வடக்கே கீழே சிவப்பாக ஒன்று மின்னுகிறது. துருவ நட்சத்திரம் அதுவா?

[மாலை 7:35] செந்தில் மாமா: டேய், அது செல்போன் டவர் 😂 லேப்டாப்பில் மணியைப் பார்த்து ஒப்பிடு. அங்கே எங்கே நிற்கிறது?

[மாலை 7:40] கதிர்: 11.4 டிகிரி. டவருக்குக் கொஞ்சம் இடது பக்கம் மங்கலாக ஒன்று, கண்டுபிடித்துவிட்டேன்! ஆனால் ஊர் 10.8 தானே, இது ஏன் கூட இருக்கிறது?

[மாலை 7:43] செந்தில் மாமா: அந்த நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை. முழுநிலாவின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக விலகி நின்று அதைச் சுற்றுகிறது. இன்றைக்கு ஏழே முக்கால் வாக்கில் துருவத்துக்கு நேர் மேலே வரும். உனக்கு அதிர்ஷ்டம், இடம் வலம் பார்க்க வேண்டாம். அதைக் குழலின் நடுவில் கொண்டுவந்து, அச்சை மட்டும் அரை டிகிரிக்குக் கொஞ்சம் கூடக் கீழே இறக்கு. அடுத்த மாதம் இதே நேரத்துக்கு அது இடது பக்கம் சரிந்திருக்கும், மறுபடி திரையைப் பார்த்துத்தான் செய்யணும்.

[மாலை 7:52] சித்தி (டொரண்டோ): இங்கே காலை, வெளியே பனி. என் ஊரை வைத்து என்ன கூத்து அடித்தீர்கள்?

[மாலை 7:58] கதிர்: ஒன்றும் இல்லை சித்தி 🙈

[மாலை 8:03] செந்தில் மாமா: போட்டோ எடுக்கிற எண்ணம் இருந்தால் அச்சை இன்னும் துல்லியமாக்கணும். பத்து மணி சுமாருக்கு ஓரியன் பெல்ட்டின் மின்டாகா நட்சத்திரம் நேர் தெற்கே வரும். அதைப் பெரிதாக்கி ஐந்து நிமிடம் கவனி. தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது, வடக்கே என்றால் மேற்கே. கண்ணால் பார்ப்பதற்கு அவ்வளவு வேண்டாம்.

[மாலை 8:05] கதிர்: போட்டோ இன்னொரு நாள் மாமா. அம்மாச்சி ஏறிவிட்டார்கள்.

[இரவு 8:31] அம்மா: தீபாவளிக்கு அம்மா குனிந்து கண்ணை வைப்பதற்குள் ஓடிவிட்டதே, இன்றைக்கு நகரவே இல்லை. மோட்டார் மட்டும் கொசு மாதிரி முனகுகிறது. பத்து நிமிடமாகப் பார்க்கிறார்கள். பக்கத்தில் வரிசையாக இருக்கிற பொட்டெல்லாம் என்ன என்று கேட்கிறார்கள்.

[இரவு 8:33] செந்தில் மாமா: குருவின் நிலாக்கள். 1610-இல் கலீலியோ பார்த்தது அவற்றைத்தான்.

[இரவு 8:36] அம்மா: குரு மிதுனத்தில்தானே இருக்கிறார், பஞ்சாங்கத்திலும் அப்படித்தானே என்கிறார்கள்.

[இரவு 8:37] கதிர்: ஸ்டெல்லேரியத்திலும் மிதுனம்தான் அம்மாச்சி 👍

[இரவு 8:52] அம்மா: இன்னும் இறங்கவில்லை. கதிர், கீழே பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ. கோட்டை மிதிக்காதே.